சாமிதிரும்பி

எங்கள் கம்பெனியில் ஊர்வல செட்டில் வரும் பொம்மைகளை இரண்டு வகையாகத்தான் பிரிப்போம். நடை, வேடிக்கை. பல்லக்குத் தூக்குகிறவர்கள், மேளக்காரர்கள், குடை பிடிக்கிறவர், தீவட்டிக்காரர் எல்லாரும் நடை. ஓரத்தில் நின்று கும்பிடுகிறவர்கள் வேடிக்கை. பேக்கிங் அட்டையிலும் அப்படியே எழுதுவோம்: நடை பதினொன்று, வேடிக்கை நான்கு. நடைக்கு அச்சு நிறைய உண்டு. ஒவ்வொருவருக்கும் கை ஒரு தினுசு, கால் ஒரு தினுசு. வேடிக்கைக்கு இரண்டே அச்சுதான், ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. இரண்டும் கைகூப்பி நிற்கும். புடவை நிறத்தை மாற்றி, பொட்டை மாற்றி, ஒரே பெண்ணை மூன்று பெண்களாக்கிப் பெட்டியில் அடுக்கிவிடுவோம். இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. வேடிக்கை பார்க்கிறவளை யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்.

விருத்தாசலத்தில் பீங்கான் வேலைக்கு வந்து எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கல்யாணமான இரண்டாம் வருஷமே புருஷன் வீட்டோடு ஒத்துப்போகாமல் அம்மாவிடம் திரும்பி வந்தவள் நான். என் வாய் சும்மா இருக்காது என்று அங்கே சொன்னார்கள், அது பொய்யில்லை. பிறகு ஊரிலிருந்து தினமும் பஸ் ஏறி வேலைக்கு வந்து போனேன். முதலில் அச்சில் களிமண் பால் ஊற்றினேன். பிறகு காய்ந்த பொம்மையின் ஓரங்களைச் சுரண்டி வழவழப்பாக்கினேன். கடைசியில் பெயிண்ட் பிரிவுக்கு வந்தேன். சூளையிலிருந்து வெள்ளை வெளேரென்று வரும் பொம்மைக்கு மற்றவர்கள் புடவையும் நகையும் தீட்டி முடித்ததும் என் மேஜைக்கு வரும். கண் எழுதுவது என் வேலை. நவராத்திரி வந்தால் எந்தெந்த ஊர்க் கொலுப்படியிலோ நான் எழுதின கண்ணோடு ஊர்வலங்கள் போகும். பல்லக்கில் இருக்கும் சாமிக்கும் நான்தான் கண் எழுதுகிறேன். எங்கள் ஊர்ச் சாமியை மட்டும் நான் பத்தடிக்குள் பார்த்ததில்லை.

எங்கள் ஊர் கம்மாபுரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. இப்போது இல்லை, நிலக்கரிச் சுரங்கத்துக்குள் போய்விட்டது. இருந்தவரை ஊர்த்தெரு மூன்று, காலனி ஒன்று. நாங்கள் காலனி. இரண்டுக்கும் நடுவில் ஒரு முக்கு, முக்கில் ஒரு கைபம்பு, அதைச் சுற்றிச் சிமென்ட் மேடை. மாசி மாதம் மாரியம்மன் புறப்பட்டு ஊர்த்தெரு மூன்றையும் சுற்றி, கடைசியாக அந்த முக்குக்கு வரும். வந்து ஒரு நிமிஷம் நிற்கும். மேளம் ஒரு சுற்று உரக்க அடிக்கும். பிறகு பல்லக்கு அப்படியே திரும்பி வந்த வழியே போய்விடும். ஊர்த்தெருக்காரர்களுக்கு அந்த இடத்தின் பெயர் கைபம்பு. எங்களுக்கு அது சாமிதிரும்பி. காலனியில் பிறந்த எல்லாருக்கும் அந்த வார்த்தை தெரியும். ஆட்டைச் சாமிதிரும்பியில் கட்டு, பஸ்ஸுக்குச் சாமிதிரும்பியில் நில்லு, பள்ளிக்கூடம் விட்டதும் சாமிதிரும்பிக்கு வந்துவிடு. யாரும் அதில் இருக்கும் அர்த்தத்தை யோசித்துச் சொன்னதில்லை. நாக்கில் பழகிப்போன பேர், அவ்வளவுதான்.

அம்மா வருஷம் தவறாமல் அங்கே போய் நிற்பாள். தவிட்டு நிறத்தில் ஒரு புடவை வைத்திருந்தாள், அது அந்த ஒரு நாளைக்கு மட்டும். தட்டில் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, கற்பூரம். பல்லக்கு வந்து நின்றதும் ஊர்வலத்திலிருந்து ஒருவர் இந்தப் பக்கம் வருவார். அம்மா தட்டை மேடைமேல் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நகர வேண்டும். அவர் தேங்காயை உடைத்து, கற்பூரத்தைக் கொளுத்திச் சாமி இருக்கும் திசையில் காட்டிவிட்டு, ஒரு மூடியைத் தட்டிலேயே விட்டுவிட்டுப் போவார். திருநீறு மேலேயிருந்து கையில் விழும். நான் அம்மாவுக்குப் பின்னால் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் முதுகும், கொண்டையும், கொண்டையில் சொருகிய கனகாம்பரமும்தான். சாமியை எட்டிப் பார்த்தால் பல்லக்கின் மேல்குடை தெரியும்.

அப்பா வரமாட்டார். வராத சாமிக்கு என்னத்துக்குத் தேங்காய் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் படுத்துக்கொள்வார். அம்மா அவரோடு வாதாடியதில்லை. நான் அப்பா பக்கம். எட்டு வயதிருக்கும், ஒருநாள் சாமி ஏன் திரும்பிப் போகிறது என்று அம்மாவைக் கேட்டேன். தெரு முடிஞ்சுபோச்சு, திரும்புது என்றாள். தெரு எங்கே முடிந்தது, நம் வீடெல்லாம் இந்தப் பக்கம்தானே இருக்கிறது என்றேன். முதுகில் ஒன்று வைத்தாள். அன்று எனக்கு வந்த கோபம் அடித்ததற்காக இல்லை. என் கேள்விக்குப் பதில் தெரிந்தும் அவள் சொல்லவில்லை என்பது அந்த வயதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் அவளோடு முக்குக்குப் போகவில்லை. அவள் மட்டும் போனாள், வருஷா வருஷம்.

அப்பா போய்ச் சேர்ந்து பல வருஷம் கழித்து சுரங்கத்துக்காக ஊரை எடுத்தார்கள். ஊர்த்தெருக்காரர்கள் பெரும்பாலும் புதுக் குடியிருப்புக்குப் போனார்கள். எங்களுக்கு நிலம் கிடையாது, வீடு ஒன்றுதான். அவர்கள் தரும் மாற்று மனை வேண்டாம், வேலைக்குப் பக்கமாக இருந்துவிடுவோம் என்று நான்தான் அம்மாவை டவுனுக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். கம்பெனிக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு வாடகை வீடு. எதிரே ஒரு தையல் கடை, பக்கத்தில் ரயில்வேயில் வேலை பார்க்கிறவர் குடும்பம். யார் எந்த ஊர், எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை. அம்மாவுக்கு அது நம்ப முடியாததாக இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா குழம்பு கொண்டுவந்து கொடுத்தபோது, கிண்ணத்தை மூன்று முறை கழுவித் திருப்பிக் கொடுத்தாள்.

டவுனுக்கு வந்த முதல் ஆடியில்தான் அது நடந்தது. எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு அம்மன் கோயில். ஆடியில் அந்த அம்மன் காலையில் புறப்பட்டுச் சுற்றுவட்டாரத் தெருக்களுக்கெல்லாம் வரும். அன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது அம்மாவிடம் சொன்னேன், பத்து மணி போல நம்ம தெருவுக்குச் சாமி வருது, தட்டு எடுத்து வை, நான் பர்மிஷன் கேட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று. அவள் முகம் மலர்ந்தது. தவிட்டு நிறப் புடவை பெட்டியில் இருந்தது.

நான் வருவதற்குள் மேளச் சத்தம் கேட்டது. ஓடி வந்தேன். பல்லக்கு கோயில் சந்து வழியாக வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்தது. முக்கில் இல்லை, எதிர்ப்பக்கத்தில் இல்லை, எங்கள் வாசலிலேயே, கோலத்தைத் தொட்டுக்கொண்டு. பூசாரி ஒவ்வொரு வீட்டுத் தட்டாகக் கையில் வாங்கிக்கொண்டிருந்தார். எங்கள் கதவில் பூட்டு தொங்கியது. அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது, பக்கத்து வீட்டார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். அதற்குள் பல்லக்கு நகர்ந்து, நான் வந்த கோடி வழியாக அடுத்த தெருவுக்குப் போய்விட்டது.

அம்மாவைத் தெருவின் மறுகோடியில் கண்டுபிடித்தேன். முக்கில், டிரான்ஸ்பார்மர் கம்பத்துக்குப் பக்கத்தில், தட்டை ஏந்திக்கொண்டு, வெளியே ரோட்டைப் பார்த்து நின்றிருந்தாள். வெயில் ஏறிவிட்டிருந்தது. வாழைப்பழத்தின்மேல் முந்தானையின் நுனியைப் போட்டு மூடியிருந்தாள். என்னைப் பார்த்ததும், இன்னும் வரவில்லை, மேளம் மட்டும் கேட்கிறது என்றாள்.

"வூட்டு வாசல்லயே வந்து நின்னுட்டுப் போயிடுச்சும்மா."

"வாசலுக்கா?" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைதான். பிறகு தட்டைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், சிரித்தாள். தப்பு என்னுடையது. தெருவுக்கு வருது என்றுதான் நான் சொன்னேன். வாசலுக்கு வருது என்று சொல்லியிருக்க வேண்டும். எங்கள் பேச்சில் சாமி தெருவுக்கு வருகிறதென்றால் முக்குக்கு வருகிறதென்றுதான் அர்த்தம். அதை நானே மறந்திருந்தேன். எழுபது வயதில் முதல்முறையாகச் சாமி அவள் வாசலுக்கு வந்தது. அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு, சாமி இருக்கும் இடம் என்று தனக்குத் தெரிந்த இடத்துக்குப் போய்விட்டாள். வீட்டுக்கு வந்து அரிவாள்மனையின் முதுகில் தேங்காயை அவளே தட்டி உடைத்தாள். உடைக்கும்போது அழுதாள். நான் வேலைக்குத் திரும்பிப் போய்விட்டேன், அங்கே நிற்க என்னால் முடியவில்லை. மேஜையில் அன்று எழுதிய கண்ணெல்லாம் கோணலாக வந்தது.

அடுத்த வருஷம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவேன், எங்கேயும் நகர விடமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அடுத்த ஆடிக்கு அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். சர்க்கரையால் காலில் புண் வந்து, புண் ஏறி, முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான் ஒரு மணி நேரம் வீட்டுக்கு வந்து தட்டு கொடுத்துவிட்டுத் திருநீறோடு திரும்பிப் போனேன். நெற்றியில் வைக்கும்போது கேட்டாள், நின்னுதா என்று. நின்னுச்சு என்றேன். எவ்வளவு நேரம் என்றாள். நெடுநேரம் என்று சொன்னேன். உண்மையில் மற்ற வீடுகளுக்கு நின்ற அளவுதான் நின்றது.

அந்தக் கார்த்திகையில் எங்கள் ஊர்க்காரர்கள் மூன்று பேர் கம்பெனிக்கு வந்தார்கள். புதுக் குடியிருப்பில் மாரியம்மனுக்குப் புதுக் கோயில் கட்டியிருந்தார்கள். மாசியில் அதற்குக் கும்பாபிஷேகம். பழைய ஊரில் சாமி புறப்பட்டுப் போன காட்சியை அப்படியே பீங்கானில் செய்து, மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும் என்றார்கள். பிள்ளைகள் நாளைக்கு நம்ம ஊர் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா என்று அவர்களில் மூத்தவர் முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஊர்த்தெருவில் பெரிய வீட்டுக்காரர் அவர். அந்த வீடும் இப்போது இல்லை. எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது, வரக்கூடாது என்று நினைத்தும் வந்தது.

பெயிண்ட் பிரிவைச் சுற்றிக் காட்ட முதலாளி அழைத்து வந்தபோது நானும் அதே ஊர் என்று சொன்னார். பெரியவர் நெற்றியைச் சுருக்கி, யாருடைய மகள் என்று கேட்டார். அப்பா பேரைச் சொன்னேன். தெரிந்துகொண்டார்.

"நம்ம ஊருப் பொண்ணு கையாலயே ஆவுது பாருங்க, அம்மாளு செயல்" என்றார்.

நம்ம ஊர் என்று அவர் சொன்னதில் கள்ளம் ஒன்றும் இல்லை. ஊர் இருந்தபோது அப்படிச் சொல்லியிருப்பாரா என்று எனக்குள் ஒரு குரல் குடைந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

மாதிரிக்கு ஒரு போட்டோ கொண்டுவந்திருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த யாரோ எடுத்தது, சட்டம் போட்டிருந்தது, நிறம் கொஞ்சம் மங்கியிருந்தது. பல்லக்கு திரும்புகிற நேரம். சாமியின் முகம், மாலை, தூக்குகிறவர்களின் தோள், குடை எல்லாம் துல்லியமாக இருந்தன. படத்தின் வலது ஓரத்தில் கைபம்பின் பிடி தெரிந்தது. அதற்கும் அப்பால் சட்டத்தை ஒட்டி, ஒரு முழங்கை, ஒரு தட்டின் விளிம்பு, நான்கு விரல்கடை அளவுக்குத் தவிட்டு நிறப் புடவை. முகம் படத்துக்குள் இல்லை. அந்த முழங்கையை யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பட்டியல் கொடுத்தார்கள். நடை இருபத்திரண்டு, வேடிக்கை பன்னிரண்டு. வேடிக்கை பார்க்கிற பன்னிரண்டு பேரும் யார் யார் என்று எழுதியே கொடுத்திருந்தார்கள்: இன்ன வீட்டுத் தாத்தா, இன்ன வீட்டு ஆயா, இவர் மீசை பெரிசு, இவருக்குத் துண்டு பச்சை. பட்டியலில் காலனியிலிருந்து ஒருவரும் இல்லை. வேண்டுமென்று விட்டிருக்க மாட்டார்கள். அவர்களுக்கு ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான். எனக்கு அதுதான் தாங்கவில்லை. வேண்டாம் என்று விட்டிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன்.

பதின்மூன்றாவதாக ஒன்றை நானே செய்தேன். முதலாளியிடம் சொல்லித்தான் செய்தேன். உங்க ஊர் விஷயம், நீயே பார்த்துக்கொள் என்றார். வேடிக்கைப் பெண் அச்சிலிருந்து எடுத்த பொம்மை பச்சை மண்ணாக இருக்கும்போதே கூப்பின கைகளை மணிக்கட்டில் அறுத்து எடுத்தேன். புதுக் கைகளைப் பிடித்து ஒட்டி, உள்ளங்கைகளில் ஒரு சின்னத் தட்டை வைத்தேன். கொண்டையை இறக்கிப் போட்டேன். சூளையில் கை விரிந்துவிடுமோ என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. முழுசாக வந்தது. தவிட்டு நிறம் கிடைக்க நான்கு சாயத்தைக் கலந்தேன். எல்லாம் முடிந்து கண் எழுத உட்கார்ந்தபோது கை நின்றுவிட்டது. சாமியைப் பார்க்கும்போது அம்மாவின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்ததெல்லாம் முதுகு.

கண் இல்லாத பொம்மையைத் துணியில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனேன். அம்மா கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் கொடுத்ததும் யார் என்று உடனே தெரிந்துகொண்டாள். புடவையைத் தடவினாள். பிறகு பொம்மையைத் தலைகீழாகத் திருப்பி அடியைப் பார்த்தாள்.

"காலு ரெண்டும் இருக்குதா பாத்தன்" என்றாள்.

இருவரும் சிரித்தோம். ரொம்ப நாளைக்குப் பிறகு அப்படிச் சிரித்தோம். சாமி வரும்போது எப்படிப் பார்ப்பாய், அந்த மாதிரி ஒருமுறை பார்த்துக் காட்டு, கண் எழுத வேண்டும் என்று கேட்டேன். அவளும் முயன்றாள். எதிர்ச் சுவரில் காலண்டரைப் பார்த்தாள், மின்விசிறியைப் பார்த்தாள். சாமி இல்லாமல் எப்படிப் பார்ப்பது என்று விட்டுவிட்டாள். பிறகு கேட்டாள்.

"என்னிய எங்கடி நிக்க வெப்ப?"

பல்லக்குக்கு முன்னால், சாமிக்கு நேராக வைக்கப் போகிறேன் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

"நான் அங்க நிக்கலியே" என்றாள்.

பொம்மைதானே, நம் கையில்தானே இருக்கிறது, எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். முகத்தில் கோபம் இல்லை.

"நின்ன எடத்துலயே வெய்யி. சாமிதிரும்பில வெய்யி. நாளைக்கு நாலு பேரு வந்து பாப்பாங்க. இவ ஏன் அம்மாந்தொலைவுல நிக்கிறான்னு ஒருத்தராவது கேக்கட்டும்."

எட்டு வயதில் நான் கேட்ட கேள்விக்கு அவள் சொன்ன பதில் அதுதான். அத்தனை வருஷமும் அவளுக்குக் கோபமே வராது என்று நினைத்திருந்தேன். என் கோபம் அப்பாவிடமிருந்து வந்தது என்று பெருமைப்பட்டிருந்தேன். அவளுடையது என்னுடையதைவிடப் பெரியது. நான் வாயால் கொட்டித் தீர்த்துவிட்டேன். அவள் வருஷா வருஷம் புடவை கட்டிக்கொண்டு போய் அந்தக் கோபத்தோடு அங்கே நின்றாள்.

கண்ணை எப்படியோ எழுதி முடித்தேன். சரியாக வரவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். எல்லாவற்றையும் வைக்கோல் போட்டுப் பெட்டிகளில் அடுக்கினோம். ஒவ்வொரு பொம்மையின் கழுத்திலும் அது எங்கே வர வேண்டும் என்று சீட்டு கட்டுவோம்: பல்லக்கு முன்தண்டு இடது, குடை வலது, வேடிக்கை மூன்று. அம்மாவின் கழுத்தில் ஒரு சீட்டைக் கட்டினேன். சாமிதிரும்பியில் நிற்பது என்று என் கையாலேயே எழுதினேன். பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வேன் போனது. கும்பாபிஷேகத்துக்குப் பத்திரிகை வந்தது, என் பேரும் போட்டு. அம்மாவையும் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிடுவதென்று இருந்தேன். அவளுக்கும் ஆசை. புடவையை எடுத்து வெயிலில் போடச் சொன்னாள்.

கும்பாபிஷேகத்துக்கு ஆறு நாள் முன்பு, விடிந்து டீ போட்டு எழுப்பினேன். எழுந்திருக்கவில்லை. வெயிலில் போட்டு மடித்து வைத்த புடவையையே கட்டி அனுப்பினோம். மேளம் முன்னால் போக, அம்மாவை எங்கள் தெரு வழியாக எடுத்துப் போனார்கள். தையல் கடைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் தண்ணீர் ஊற்றினார். முக்கு வந்தபோது இங்கே திருப்பிவிடுவார்களோ என்று நினைத்தேன். என்ன பைத்தியக்கார நினைப்பு. யாரும் திருப்பவில்லை.

காரியம் முடியாததால் நான் கும்பாபிஷேகத்துக்குப் போகவில்லை. பங்குனியில் ஒருநாள் மதியம் கம்பெனி வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. அந்தப் பெரியவரே மகனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்திருந்தார். மடியில் ஒரு பார்சலைக் குழந்தையைப் போல வைத்திருந்தார். அம்மா தவறிய செய்தி கேள்விப்பட்டதாகச் சொல்லி வருத்தப்பட்டார். கண்ணாடிப் பெட்டி அமைந்த அழகை, வெளியூர்க்காரர்கள்கூட வந்து பார்ப்பதைச் சொன்னார். பிறகு பார்சலைப் பிரித்தார்.

"ஒரு பொம்ம கூடுதலா வந்துடுச்சும்மா. எங்க லிஸ்ட்டுல இல்ல. ஒடைஞ்சிடப் போவுதுன்னு நானே எடுத்தாந்தன்."

பார்க்கவே வேண்டியதில்லை எனக்கு. கழுத்தில் சீட்டு அப்படியே இருந்தது. அவர் அதை விரலால் தூக்கிப் படித்தார்.

"சாமிதிரும்பின்னா என்னாம்மா? சாமியப் பாத்துத் திரும்பி நிக்குதுன்னு அர்த்தமா? எங்க வெக்கிறதுன்னு யாருக்கும் தெரியல. ரோடு நேராத்தான போவுது."

அவர் சொல்லித்தான் தெரிந்தது, பொம்மைகள் நிற்கும் அடிப்பலகையை அவர்களே தச்சரிடம் செய்திருந்தார்கள். தெருவை நேர்த்தெருவாகப் போட்டிருந்தார்கள், புதுக் குடியிருப்பில் எல்லாத் தெருவும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக இருப்பது போல. முக்கு இல்லை. கைபம்பு இல்லை. சாமி திரும்பவே இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. வாழ்நாள் முழுக்க அந்தப் பல்லக்கோடு நடந்தவர் அவர். அவர் நடந்த தெரு அவருக்கு எப்போதும் நேராகத்தான் போயிருக்கிறது. அது எங்கே திரும்பியது என்பது அந்தப் பக்கம் நின்றவர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

ஒருத்தராவது கேட்கட்டும் என்று அம்மா சொன்னாள். ஒருத்தர் கேட்டார். என் முன்னால் நின்று, வேர்வையைத் துடைத்துக்கொண்டே, தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டார். இருபது வருஷமாக யாரிடம் வேண்டுமானாலும் வாய்க்கு வாய் பேசியவள் நான். மேஜையைச் சுற்றி எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊர் போய், வீடு போய், வெயிலில் இவ்வளவு தூரம் உடையாமல் கொண்டுவந்து கொடுக்கிற மனுஷரிடம் அந்த இடத்தில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"தப்பா வந்துடுச்சுங்க" என்றேன்.

அவர் திருப்தியாகக் கிளம்பிப் போனார். நான் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அம்மா செத்த அன்றுகூட அப்படி அழவில்லை. அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அதற்கு அவளையே தப்பு என்று சொல்லிவிட்டேன்.

பொம்மையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நின்ற இடத்தில் வை என்றாள். அந்த இடம் இப்போது சுரங்கத்துப் பள்ளத்தில் எங்கோ ஆழத்தில் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டியிலும் அது இல்லை. டிவிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். எங்கே வைத்தாலும் தட்டை ஏந்திக்கொண்டு யாருக்கோ காத்திருக்கிறவளாகவே இருந்தாள்.

இந்த ஆடியிலும் அம்மன் புறப்பட்டது. சாவு விழுந்த வீடு. வருஷம் திரும்பும்வரை எங்கள் வீட்டில் தட்டு எடுக்கக் கூடாது, பல்லக்கும் எங்களுக்காக நிற்காது. காலையிலேயே பூசாரியின் ஆள் வந்து தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் கோலம் போடவில்லை. மேளம் கேட்டதும், என்ன தோன்றியதோ, பொம்மையை எடுத்து வாசல்படியில் தெருவைப் பார்க்க வைத்தேன். பக்கத்து வீட்டு அக்கா தன் தட்டோடு நின்றிருந்தார். குனிந்து பார்த்து, யாரு இது என்றார். எங்கம்மா என்றேன். அவர் வேறொன்றும் கேட்காமல் ஒரு அடி தள்ளி நின்று இடம் விட்டார்.

நான் உள்ளே வந்து கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். பல்லக்கு வந்தது. பக்கத்து வீட்டுத் தட்டுக்காகத்தான் நின்றது, எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் தெருவில் வீடுகள் நெருக்கம். நின்ற இடம் எங்கள் வாசலுக்கு நேராக இருந்தது. மேளம் ஒரு சுற்று உரக்க அடித்தது. பொம்மையின் முதுகும், இறங்கிய கொண்டையும், தவிட்டு நிறப் புடவையும் எனக்குத் தெரிந்தன. முகம் தெரியவில்லை. அது சாமி பக்கம் இருந்தது.